ரிகர்ஷன் ஸ்டாக் மெமரியை எப்படிச் செலவழிக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிகர்ஷனை, அதாவது தன்னைத்தானே அழைக்கும் ஃபங்ஷனை, எழுதக் கற்றுக்கொண்டதும் அடுத்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் மெமரியைப் பற்றியவைதான். கீழே உள்ள பதில்கள் சி மொழியையும், 64 பிட் இன்டெல் வகை ப்ராசஸரில் ஓடும் லினக்ஸையும் மனதில் வைத்து எழுதியவை. பைத்தான், ஜாவா போன்றவை வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

ஃபங்ஷன் ஒன்றுதானே இருக்கிறது, அது தன்னையே அழைத்தால் பழைய வேரியபிள்களின் மதிப்பு அழிந்துவிடாதா?

அழியாது. கோட் ஒரே ஒரு முறைதான் மெமரியில் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக் என்ற மெமரிப் பகுதியில் தனியாக ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது, அதற்கு ஸ்டாக் ஃபிரேம் என்று பெயர். தாலுகா ஆபீஸில் ஒரே மனுப் படிவத்தை நூறு பேர் வாங்கி நிரப்பினாலும் ஒருவர் எழுதியது இன்னொருவர் தாளில் போய் விழுவதில்லை அல்லவா, அதுபோல கோட் என்பது படிவத்தின் மாதிரி, ஃபிரேம் என்பது நிரப்பிய தாள். அதனால் ஃபேக்டோரியல் கணக்கிடும் ஃபேக்ட் என்ற ஃபங்ஷனில் (அதன் ஆர்க்யுமென்ட்டை என், அதாவது n, என்று அழைப்போம்) ஃபேக்ட்(4) தனக்குள் ஃபேக்ட்(3)ஐ அழைக்கும்போது முதலாவதின் என் மதிப்பு 4 ஆகவே தன் ஃபிரேமில் பத்திரமாக இருக்கும், இரண்டாவதின் என் வேறு முகவரியில் 3 ஆக இருக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வேரியபிளை ஸ்டாட்டிக் என்று அறிவித்தால் அது ஃபிரேமுக்குள் வராது, எல்லா அழைப்புகளுக்கும் பொதுவாக ஒன்றே இருக்கும். ரிகர்ஷனில் விடை விசித்திரமாக வந்தால் முதலில் ஸ்டாட்டிக், குளோபல் வேரியபிள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஒரு ஃபிரேமுக்குள் சரியாக என்னவெல்லாம் இருக்கும்?

வேலை முடிந்ததும் எங்கே திரும்ப வேண்டும் என்ற ரிட்டர்ன் அட்ரஸ், அழைத்த ஃபங்ஷனுடைய ஃபிரேம் எங்கே தொடங்குகிறது என்ற பழைய பேஸ் பாயின்டர், காப்பாற்றி வைக்க வேண்டிய ரெஜிஸ்டர் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு சேமிப்பிடம்) மதிப்புகள், அப்புறம் லோக்கல் வேரியபிள்கள். பல பாடக் குறிப்புகளில் ஆர்க்யுமென்ட்களும் எப்போதும் ஸ்டாக்கில்தான் போகும் என்று எழுதியிருப்பார்கள். பழைய 32 பிட் முறைக்கு அது சரி. 64 பிட் லினக்ஸில் முதல் 6 முழு எண் ஆர்க்யுமென்ட்கள் ரெஜிஸ்டர்களிலேயே போகின்றன. ஆனாலும் ரிகர்ஷனில் என் மதிப்பு உள் அழைப்பு முடிந்த பிறகும் தேவைப்படுவதால், அந்த அழைப்புக்கு முன்பே அதை ஸ்டாக்கில் எழுதி வைத்தாக வேண்டியிருக்கிறது. அதே ரெஜிஸ்டரில்தான் அடுத்த அழைப்பின் ஆர்க்யுமென்ட்டும் போகப்போகிறது.

ஃபேக்ட்(4) ஓடும்போது ஸ்டாக்கில் நடப்பதை வரிசையாகச் சொல்ல முடியுமா?

ஃபங்ஷன் இதுதான்: என் 1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் 1ஐத் திருப்பிக் கொடு, இல்லையென்றால் என் × ஃபேக்ட்(என் − 1)ஐக் கொடு.

மெயின் ஃபேக்ட்(4)ஐ அழைக்கிறது. ப்ராசஸரின் கால் (call) கட்டளை, அடுத்து ஓட வேண்டிய கட்டளையின் முகவரியை, அதாவது 8 பைட்டை, ஸ்டாக்கில் தள்ளிவிட்டு ஃபங்ஷனின் தொடக்கத்துக்குத் தாவுகிறது. ஃபங்ஷன் தனக்கு வேண்டிய இடத்தை, ஸ்டாக்கின் தற்போதைய முனையைக் காட்டும் ஸ்டாக் பாயின்டரைக் குறைத்து எடுத்துக்கொள்கிறது (இந்த ப்ராசஸர்களில் ஸ்டாக் பெரிய முகவரியிலிருந்து சிறிய முகவரியை நோக்கி வளர்கிறது). என் 4 என்பதால் பெருக்கலைச் செய்ய முடியவில்லை, ஃபேக்ட்(3)இன் விடை வேண்டும். அது ஃபேக்ட்(2)ஐ அழைக்கிறது, அது ஃபேக்ட்(1)ஐ அழைக்கிறது. இந்தக் கணத்தில் மெயினுக்குக் கீழே நான்கு ஃபிரேம்கள், 4, 3, 2, 1 என்ற நான்கு மதிப்புகளோடு, ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கின்றன. இதுவரை ஒரு பெருக்கல்கூட நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், எல்லாமே காத்திருக்கின்றன.

ஃபேக்ட்(1) 1ஐ ரெஜிஸ்டரில் வைத்துவிட்டுத் திரும்புகிறது. 2 × 1 = 2, திரும்பு. 3 × 2 = 6, திரும்பு. 4 × 6 = 24, மெயினுக்குத் திரும்பு. எனவே பெருக்கல்கள் எல்லாம் திரும்பி வரும் வழியில்தான் நடக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்கலாம். உள்ளே இருக்கும் மூன்று ஃபிரேம்களிலும் ரிட்டர்ன் அட்ரஸ் ஒன்றேதான், ஃபேக்ட் கோடில் அந்த அழைப்புக்கு அடுத்து வரும் கட்டளையின் முகவரி. மெயின் அழைத்த முதல் ஃபிரேமில் மட்டும் அது வேறு. திரும்பும் இடம் ஒன்றாக இருந்தும் விடை சரியாக வருவதற்குக் காரணம், ஸ்டாக் பாயின்டர் ஒவ்வொரு முறையும் வேறு ஃபிரேமைக் காட்டுவதுதான்.

திரும்பியதும் அந்த ஃபிரேம் அழிக்கப்படுகிறதா?

இல்லை. ஸ்டாக் பாயின்டர் நகர்கிறது, அவ்வளவுதான். பழைய எண்கள் அடுத்த அழைப்பு மேலெழுதும்வரை அங்கேயே கிடக்கும். அதனால்தான் லோக்கல் வேரியபிளின் முகவரியைத் திருப்பிக் கொடுக்கும் தவறான கோட் சில நேரம் சரியான விடையைக் காட்டி நம்மை ஏமாற்றுகிறது.

ஒரு அழைப்புக்கு எத்தனை பைட் செலவாகும்? நானே அளக்க முடியுமா?

முடியும், அளந்து பார்க்கவும் வேண்டும். மேலே சொன்ன ஃபேக்டை ஜிசிசி என்ற சி கம்பைலரில் ஆப்டிமைசேஷன் (கோடை வேகப்படுத்தும் மாற்றங்கள்) இல்லாமல் கம்பைல் செய்தால் ரிட்டர்ன் அட்ரஸுக்கு 8, பேஸ் பாயின்டருக்கு 8, லோக்கல் இடத்துக்கு 16, ஆக மொத்தம் 32 பைட் ஆவது வழக்கம். எண் மதிப்புக்கு 4 பைட்தானே வேண்டும், ஏன் 16 என்றால், ஸ்டாக்கை 16இன் மடங்கில் வைத்திருக்க வேண்டும் என்று இந்தத் தளத்தின் அழைப்பு விதி கேட்கிறது.

எளிய சோதனை: ஃபங்ஷனுக்குள் என்-இன் முகவரியை அச்சிடுங்கள். ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட 32 அல்லது 48 என்று ஒரே அளவில் குறைந்துகொண்டே போகும், அந்த வித்தியாசம்தான் உங்கள் ஃபிரேமின் அளவு. நிரலை மறுபடி ஓட்டினால் தொடக்க முகவரி மாறியிருக்கும் (பாதுகாப்புக்காக லினக்ஸ் அதை மாற்றிக்கொண்டே இருக்கிறது), வித்தியாசம் மாறாது.

என் கணினியில் 16 ஜிபி ரேம் இருக்கிறது. அப்புறம் ஏன் ஸ்டாக் நிரம்புகிறது?

ரேம் எவ்வளவு இருந்தாலும் ஸ்டாக்குக்குத் தனியாக ஒரு வரம்பு உண்டு. லினக்ஸில் மெயின் த்ரெட்டுக்கு (த்ரெட் என்பது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடர்) வழக்கமான வரம்பு 8 எம்பி. டெர்மினலில் யூலிமிட் கட்டளையை -எஸ் ஆப்ஷனோடு கொடுத்தால் 8192 என்று கேபி கணக்கில் காட்டும். விண்டோஸில் வழக்கமாக 1 எம்பி மட்டுமே. மேக்கில் மெயின் த்ரெட்டுக்கு 8 எம்பி, மற்ற த்ரெட்களுக்கு 512 கேபி. அதனால்தான் லினக்ஸில் ஒழுங்காக ஓடிய நிரல் நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் விழுந்துவிடுகிறது.

கணக்கு போட்டுப் பாருங்கள். 8 எம்பி என்பது 83,88,608 பைட். ஃபிரேம் 32 பைட் என்றால் சுமார் 2,62,000 ஆழம்வரை தாங்கும். 1 எம்பியில் அது சுமார் 32,000தான். மெயினுக்கும் மற்ற வேலைகளுக்கும் கொஞ்சம் போய்விடும் என்பதால் நிஜத்தில் இன்னும் சற்றுக் குறையும்.

இந்த 8 எம்பி தொடக்கத்திலேயே ரேமில் பிடித்து வைக்கப்படுவதில்லை, ஸ்டாக் வளர வளர 4 கேபி பக்கங்களாகக் கிடைக்கிறது. வரம்பு எதற்கு என்றால், ஒரு தவறான ரிகர்ஷன் மொத்த ரேமையும் விழுங்கிக் கணினியையே முடக்குவதற்கு முன் அந்த ஒரு நிரலை மட்டும் நிறுத்திவிடத்தான். அப்புறம் ஒரே நிரலுக்குள் நூற்றுக்கணக்கில் த்ரெட்கள் இருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் தனி ஸ்டாக் வேண்டும்.

ஃபிபனாச்சி ரிகர்ஷன் கோடிக்கணக்கில் அழைப்புகளைச் செய்கிறது, அது ஏன் ஸ்டாக்கை நிரப்புவதில்லை?

இந்த ஒரு கேள்வி புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஃபிப்(என்) = ஃபிப்(என் − 1) + ஃபிப்(என் − 2) என்று அப்படியே எழுதிய ஃபங்ஷனில் ஃபிப்(40)ஐக் கேட்டால் மொத்தம் 33,11,60,281 அழைப்புகள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 48 பைட் என்று பெருக்கினால் 15 ஜிபிக்கு மேல் வரும். ஆனால் நிரல் விழுவதில்லை, மெதுவாக ஓடி முடிகிறது. ஏனென்றால் இரண்டு உள் அழைப்புகளும் ஒரே சமயத்தில் நடப்பதில்லை. ஃபிப்(39) முழுக்க முடிந்து, அதன் ஃபிரேமும் அதற்குக் கீழே இருந்த எல்லா ஃபிரேம்களும் விடுவிக்கப்பட்ட பிறகுதான் ஃபிப்(38) தொடங்குகிறது, அதுவும் ஃபிப்(39) இருந்த அதே இடத்திலேயே. சின்னதாக ஃபிப்(5)ஐ எடுத்துத் தாளில் வரைந்து பாருங்கள். அழைப்புகள் 15 வரும். ஆனால் எந்தக் கணத்தில் பார்த்தாலும் 5, 4, 3, 2, 1 என்ற ஐந்து ஃபிரேம்களுக்கு மேல் ஒன்றாக இருக்காது. ஃபிப்(40)க்கும் அப்படித்தான், அதிகபட்சம் 40 ஃபிரேம், 2 கேபிகூட ஆகாது.

ஆக, ஸ்டாக் செலவு என்பது ஃபிரேமின் அளவு × அதிகபட்ச ஆழம். மொத்த அழைப்புகளின் எண்ணிக்கை நேரத்தைத்தான் தின்னும். பிரெஞ்சு கணிதவியலாளர் எத்வார் லூக்கா 1883இல் வெளியிட்ட ஹனோய் கோபுரப் புதிரில் 64 தட்டுகளை நகர்த்த 1,84,467 கோடி கோடிக்கும் மேற்பட்ட நகர்வுகள் வேண்டும், எந்தக் கணினியிலும் காத்திருந்து பார்க்க முடியாது, ஆனால் ரிகர்ஷனின் ஆழம் 64ஐ ஒட்டியே நிற்கும். மறுபக்கம், 10 லட்சம் எண்கள் உள்ள லிங்க்டு லிஸ்டின் கூட்டுத்தொகையை ரிகர்ஷனில் எடுக்க வெறும் 10 லட்சம் அழைப்புகள்தான், கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை, ஆனாலும் ஆழம் 10 லட்சம் ஆகிவிடுவதால் நிரல் செத்துப்போகும்.

கல்லூரிகளில் ரிகர்ஷனை நடத்தும்போது விடை எவ்வளவு என்று கேட்கிறார்கள், எத்தனை முறை அழைக்கப்படுகிறது என்றுகூடக் கேட்கிறார்கள். எவ்வளவு ஆழம் போகிறது என்பதையும் தேர்வில் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பேஸ் கேஸ் எழுதியிருக்கிறேன், இருந்தும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வருகிறதே?

பேஸ் கேஸ், அதாவது மேலும் அழைக்காமல் நேராக விடை தரும் நிலை, இருப்பது போதாது, அழைப்பு அதை வந்தடையவும் வேண்டும். என் == 0 என்று மட்டும் சோதிக்கும் ஃபேக்டுக்கு −1ஐக் கொடுத்தால் −2, −3 என்று போய்க்கொண்டே இருக்கும், பூஜ்யத்தைப் பார்க்கவே பார்க்காது. என் <= 1 என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டு இரண்டாகக் குறைக்கும் ஃபங்ஷனில் ஒற்றைப்படை எண் கொடுத்தாலும் இதே கதி. ஃப்ளோட் எண்ணில் 0.1ஐக் கழித்துக்கொண்டே போய் பூஜ்யத்துக்குச் சமமா என்று பார்ப்பதும் இதே ரகம், அது சரியாகப் பூஜ்யத்தில் விழும் என்று நம்ப முடியாது.

வெறும் செக்மென்டேஷன் ஃபால்ட் என்றுதான் வருகிறது. காரணம் ஸ்டாக்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சி மொழி ஸ்டாக் நிரம்பியது என்று தெளிவாகச் சொல்லாது. வரம்பைத் தாண்டிய முகவரியைத் தொட்டதும் கெர்னல் நிரலை நிறுத்துகிறது, தவறான பாயின்டருக்கு வரும் அதே செய்திதான் வரும். ஜிடிபி என்ற டீபக்கரில் ஓட்டி, விழுந்ததும் பிடி (bt) கட்டளையைக் கொடுத்து, அழைப்புகளின் பட்டியலான பேக்ட்ரேஸைப் பாருங்கள். ஒரே ஃபங்ஷனின் பெயர் பத்தாயிரக்கணக்கில் வரிசையாக வந்தால் சந்தேகமே வேண்டாம். முழுவதும் வர ஆரம்பித்தால் திரை ஓடிக்கொண்டே இருக்கும், பிடி 10 என்று கொடுத்தால் கடைசி பத்து ஃபிரேம்கள் மட்டும் வரும், ஆர்க்யுமென்ட் மதிப்புகளும் கூடவே தெரிவதால் எது குறையாமல் அப்படியே நிற்கிறது என்று உடனே பிடித்துவிடலாம். மெமரித் தவறுகளைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்தால் அதுவே ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்று பெயர் சொல்லிக் காட்டும்.

ஃபங்ஷனுக்குள் ஓர் அரே வைத்திருக்கிறேன். அது பாதிக்குமா?

நிறையவே பாதிக்கும். 1000 இன்ட் கொண்ட லோக்கல் அரே 4000 பைட். அது ஒவ்வொரு ஃபிரேமிலும் இருக்கும் என்பதால் 8 எம்பி ஸ்டாக் சுமார் 2,000 ஆழத்திலேயே தீர்ந்துவிடும். இரண்டரை லட்சம் ஆழம் தாங்கிய ஃபங்ஷன் ஒரே ஒரு வரியால் இரண்டாயிரத்துக்கு இறங்கிவிடுகிறது! அரேயை வெளியே ஒரு முறை உருவாக்கி அதன் பாயின்டரை மட்டும் அனுப்புங்கள்.

சி++இல் வெக்டரை மதிப்பாக அனுப்புவது வேறு மாதிரிச் சிக்கல். ஃபிரேமில் 24 பைட்தான் உட்காரும், ஆனால் உள்ளே இருக்கும் தரவு முழுவதும் ஒவ்வொரு ஆழத்திலும் ஹீப்பில் (ஸ்டாக்குக்கு வெளியே நிரல் கேட்டு வாங்கும் மெமரிப் பகுதி) நகலெடுக்கப்படும். ரெஃபரன்ஸாக அனுப்பினால் தீர்ந்தது.

பைத்தானில் 1000க்கு மேல் போனாலே பிழை வருகிறது. வரம்பை உயர்த்திவிடலாமா?

பைத்தான் முன்னெச்சரிக்கையாகவே 1000 என்று வரம்பு வைத்திருக்கிறது, தாண்டினால் ரிகர்ஷன்எர்ரர். சிஸ் மாட்யூலில் உள்ள செட்ரிகர்ஷன்லிமிட்டைக் கொண்டு உயர்த்தலாம், ஆனால் அது பைத்தானின் எண்ணிக்கையை மட்டும்தான் மாற்றுகிறது, கீழே இருக்கும் நிஜ ஸ்டாக் அதனால் பெரிதாகாது. பழைய பதிப்புகளில் ஒவ்வொரு பைத்தான் அழைப்பும் உள்ளுக்குள் சி ஸ்டாக்கையும் செலவழித்ததால், வரம்பைப் பல லட்சத்துக்கு உயர்த்தியவர்களுக்கு நல்ல பிழைச் செய்திக்குப் பதிலாக நிரல் மொத்தமாகவே விழுந்தது. 3.11 பதிப்பிலிருந்து பைத்தான் ஃபங்ஷன் இன்னொரு பைத்தான் ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும்போது சி ஸ்டாக் வளர்வதில்லை. இடையில் சி-யில் எழுதிய ஏதாவது ஒன்று புகுந்தால் பழைய கதைதான். சில ஆயிரங்கள்வரை உயர்த்துவதில் தவறில்லை, லட்சம் என்று தோன்றினால் ரிகர்ஷனையே மாற்றி எழுதுங்கள்.

ஜாவா, கோ மொழிகளில்?

ஜாவாவில் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஸ்டாக் அளவை எக்ஸ்எஸ்எஸ் ஆப்ஷனில் கொடுக்கலாம், 64 பிட் லினக்ஸில் வழக்கமான அளவு 1 எம்பி. நிரம்பினால் ஸ்டாக்ஓவர்ஃப்ளோஎர்ரர் வரும். கோ வேறு வழியில் போகிறது: ஒவ்வொரு கோரூட்டீனும் (கோ மொழியின் இலகுவான த்ரெட்) 2 கேபி அளவுள்ள ஸ்டாக்கோடு தொடங்கி, போதாதபோது பெரிய இடத்துக்கு நகலெடுக்கப்படுகிறது. 64 பிட்டில் 1 ஜிபிவரை வளரும்.

டெயில் ரிகர்ஷன் என்றால் ஸ்டாக் செலவே இல்லை என்கிறார்கள், உண்மையா?

மொழியையும் கம்பைலரையும் பொறுத்தது. உள் அழைப்புதான் கடைசி வேலை, அது திரும்பிய பிறகு செய்ய எதுவும் இல்லை என்றால் அதற்கு டெயில் கால் என்று பெயர். என் × ஃபேக்ட்(என் − 1) டெயில் கால் இல்லை, திரும்பிய பிறகு பெருக்கல் பாக்கி இருக்கிறது. இதுவரை பெருக்கிய விடையை இன்னொரு ஆர்க்யுமென்ட்டாகக் கூடவே எடுத்துச் சென்றால் டெயில் கால் ஆகிவிடும். அப்போது தற்போதைய ஃபிரேமில் வைத்திருக்க எதுவும் இல்லாததால் கம்பைலர் அதையே மறுபடி பயன்படுத்தலாம், அதாவது அழைப்பு வெறும் தாவலாக மாறிவிடும்.

ஸ்கீம் மொழியின் தரநிலை இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஜிசிசி ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவில் செய்கிறது, சாதாரண ஃபேக்டைக்கூட அதுவே லூப்பாக மாற்றிவிடும். ஆனால் சி தரநிலை இதற்கு உறுதி தரவில்லை, எனவே டீபக் பில்டில் ஆப்டிமைசேஷன் இல்லாமல் ஓட்டினால் விழலாம். பைத்தான் இதைச் செய்வதில்லை, அதை உருவாக்கிய கைடோ வான் ராசம் 2009இல் தெளிவாகவே மறுத்துவிட்டார், பிழை வரும்போது காட்டப்படும் ட்ரேஸ்பேக்கில் ஃபிரேம்கள் காணாமல் போகும் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஜாவாவும் செய்வதில்லை.

அப்படியானால் எந்த மாதிரிப் பிரச்சினைகளில் ரிகர்ஷனை நம்பி எழுதலாம்?

ஆழம் லாகரிதமாக வளரும் இடங்களில் கவலையே வேண்டாம். பைனரி சர்ச், மெர்ஜ் சார்ட், சமநிலையில் இருக்கும் ட்ரீ, எல்லாவற்றிலும் 10 லட்சம் தரவுக்கு ஆழம் 20ஐ ஒட்டியோ அதைப் போல இரண்டு மடங்கோதான் வரும்.

ஆபத்து, ஆழம் தரவின் அளவுக்கே வளரக்கூடிய இடங்களில் இருக்கிறது, அதுவும் சோதனையில் தெரியாமல் ஒளிந்திருக்கும். சாதாரண பைனரி சர்ச் ட்ரீயில் வரிசைப்படுத்திய எண்களையே நுழைத்தால் ட்ரீ ஒரே பக்கம் சாய்ந்து நீளமான லிஸ்டாகிவிடும். முதல் எண்ணைப் பிவட்டாக (தரவை இரண்டாகப் பிரிக்க உதவும் எண்) எடுக்கும் குவிக் சார்ட்டுக்கு ஏற்கெனவே வரிசையாக இருக்கும் தரவைக் கொடுத்தாலும் அதே நிலைதான். குவிக் சார்ட்டுக்கு அழகான தீர்வு இருக்கிறது: இரண்டு பகுதிகளில் சிறியதற்கு மட்டும் ரிகர்ஷன், பெரியதற்கு லூப். சிறிய பகுதி எப்போதும் பாதிக்கு மேல் இருக்க முடியாது என்பதால், பிவட் எவ்வளவு மோசமாக அமைந்தாலும் 10 லட்சம் எண்களுக்கு ஆழம் 20ஐ ஒட்டியே இருக்கும். நேரம் மோசமாகலாம், ஸ்டாக் நிரம்பாது.

ரிகர்ஷனை எடுத்துவிட்டு நானே ஸ்டாக் வைத்து எழுதினால் என்ன லாபம், இரண்டும் ஸ்டாக்தானே?

இடம் வேறு. நீங்கள் உருவாக்கும் ஸ்டாக் ஹீப்பில் இருக்கும், அதற்கு 8 எம்பி வரம்பு கிடையாது. அதோடு தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1000 × 1000 படத்தில் ஓர் இடத்தைத் தொட்டு நிறம் நிரப்பும் ஃப்ளட் ஃபில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ரிகர்ஷனில் மிக மோசமான நிலையில் ஆழம் 10 லட்சம் ஆகும், ஃபிரேமுக்கு 64 பைட் என்றால் 64 எம்பி, நிச்சயம் விழும். அதையே வரிசை எண், நெடுவரிசை எண் என்ற 8 பைட் ஜோடியாக உங்கள் ஸ்டாக்கில் தள்ளி, மேலே இருப்பதை எடுத்து, நிறம் மாற்றி, அண்டை கட்டங்களில் இன்னும் தள்ளப்படாதவற்றைக் குறித்துக்கொண்டு தள்ளினால், எல்லாக் கட்டமும் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தாலும் 8 எம்பிதான், அதுவும் ஹீப்பில்.

திரும்பி வந்த பிறகும் வேலை இருக்கும் ரிகர்ஷனை மாற்றுவது சற்றுக் கடினம். எந்தக் கட்டத்தில் விட்டோம் என்பதையும் சேர்த்து ஸ்டாக்கில் வைக்க வேண்டும், ரிட்டர்ன் அட்ரஸ் செய்த வேலையை நீங்கள் கையால் செய்கிறீர்கள்.

எல்லா மொழிகளும் ஆரம்பத்திலிருந்தே ரிகர்ஷனை அனுமதித்தனவா?

இல்லை. பழைய ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு ஃபங்ஷனின் வேரியபிள்களுக்கும் நிலையான ஒரே இடம்தான், எனவே தன்னையே அழைத்தால் முந்தைய மதிப்பு அழிந்துவிடும். ஃபோர்ட்ரான் 90இல்தான் ரிகர்சிவ் என்று அறிவித்து எழுதும் வசதி தரநிலைக்குள் வந்தது. லிஸ்ப் 1950களின் இறுதியிலேயே ரிகர்ஷனை மையமாக வைத்து வளர்ந்தது. ஆல்கால் 60 அதை அனுமதித்ததும், அதை எப்படி நடைமுறைப்படுத்துவது என்ற கேள்விக்கு டச்சு கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1960இலேயே ஸ்டாக்கைக் கொண்டு பதில் எழுதினார், அதே ஆண்டில் தன் சக ஊழியர் சொன்னவெல்டுடன் சேர்ந்து எக்ஸ்1 கணினிக்கு ஆல்கால் கம்பைலரையும் ஓட்டிக் காட்டினார்.

சிறிய சிப்களில் ரிகர்ஷன் கூடாது என்கிறார்களே?

ஆர்டுயினோ யூனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப்பில் மொத்த ரேமே 2 கேபி, அதற்குள்தான் குளோபல் வேரியபிள்களும் ஸ்டாக்கும் இருக்க வேண்டும். ஸ்டாக்கைக் காக்க இயக்க முறைமையும் அங்கே இல்லை, எனவே நிரம்பினால் பிழைச் செய்தி வராது, ஸ்டாக் வளர்ந்து உங்கள் வேரியபிள்களின் மேலேயே எழுதிவிடும், சென்சார் தப்பான எண் காட்டுகிறது என்று நீங்கள் வயரைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கார் போன்ற பாதுகாப்பு முக்கியமான இடங்களுக்கான மிஸ்ரா சி விதிகள் ரிகர்ஷனைத் தடை செய்கின்றன. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் லேபரட்டரியைச் சேர்ந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006இல் வெளியிட்ட பத்து விதிகளில் முதல் விதியிலேயே இந்தத் தடை இருக்கிறது. ரிகர்ஷன் இல்லாத நிரலில் எந்த ஃபங்ஷன் எதை அழைக்கும் என்ற வரைபடத்தில் சுழற்சி இருக்காது, அதனால் அதிகபட்ச ஸ்டாக் எவ்வளவு என்பதை ஓட்டிப் பார்க்காமலேயே கணக்கிட்டுவிட முடியும். ஜிசிசியில் ஸ்டாக் யூசேஜ் ஆப்ஷனைக் கொடுத்தால் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் எத்தனை பைட் என்று ஒரு கோப்பில் எழுதித் தரும், அந்த எண்களை அழைப்பு வரைபடத்தின் மிக நீண்ட பாதையில் கூட்டினால் தேவையான ஸ்டாக் அளவு கிடைத்துவிடும்.